கடலைக் கட்டம் போட்டவள்

போடிநாயக்கனூரில் கடலைப் படித்தவள் என்று ஒருத்திதான் இருக்கிறாள். பொற்கொடி. சிரிக்காதீர்கள், ஊர் அவளைப் பார்த்து வேண்டிய மட்டும் சிரித்து முடித்துவிட்டது. "ஏலக்கா ஊர்ல பொறந்தவ உப்புத்தண்ணியப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா? கொட்டக்குடி ஆத்துல கப்பல் விடப் போறாளாக்கும்?" என்று அவளுடைய பெரியப்பா பெரியகருப்பனே டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் சொந்தக்காரன் வாய் இருக்கிறதே, அது மூடியே இல்லாமல் செய்த பாத்திரம்.

அவள் அம்மா ராக்கு மட்டும் சிரிக்கவில்லை. ராக்குவுக்குக் கடலும் தெரியாது, கல்லூரியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஜீப்பு. விடிந்தும் விடியாமலும் ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போய், மொக்கையன் ஓட்டும் வண்டியில் மற்றப் பெண்களோடு இடித்துப் பிடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிப் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டத்துக்குப் போவாள். களை எடுப்பாள், கவாத்து செய்வாள், காய் எடுப்பாள். சாயங்காலம் அதே வண்டியில் இறங்குவாள். புருஷன் பால்பாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில், மகன் அழகுராஜா இடுப்பில். இரண்டு பேரையும் ஆளாக்கியது அந்த ஜீப்புதான்.

அந்த வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த அரசாங்கமும் போட்டதில்லை, ஆனால் அதை மீறியவனும் இல்லை. காலையில் ஏற்றிப்போன ஆட்கள் அத்தனை பேரும் சாயங்காலம் ஏறினால்தான் வண்டி மலையிறங்கும். சாவியைத் திருகுவதற்கு முன் மொக்கையன் திரும்பிப் பார்த்து, "தல சரியா?" என்பான். உள்ளேயிருந்து "சரி" என்று குரல் வர வேண்டும். ஒரு தலை குறைந்தால் வண்டி நகராது. மழை கொட்டட்டும், மஞ்சு மூடட்டும், வீட்டில் பிள்ளை பசியில் கத்தட்டும். ஒருமுறை காட்டுமாட்டுக்குப் பயந்து ஒருத்தி வேறு சரிவில் இறங்கிவிட, வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி, ஓடைக்கு ஓடை கூவிக்கொண்டே போய் அவளைத் தேடிக் கூட்டிவந்தார்கள். வரும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்த்தார்கள், அது வேறு. மலையில் ஆள் இருக்கும்போது வண்டி இறங்கியது என்று ராக்கு தன் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை.

பொற்கொடி கொச்சிக்குப் போய்ப் படித்தாள். அவள் எடுத்துக்கொண்டது அந்தமான் கடல். அது பெருங்கடல் இல்லை. மேற்கே தீவுகள் வேலி போட்டாற்போல வரிசையாய் நிற்க, கிழக்கே பர்மாவும் தாய்லாந்தும் மறிக்க, நடுவில் முக்கால்வாசி அடைபட்டுக் கிடக்கும் ஓரக்கடல். வடக்கிலிருந்து ஐராவதி ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மேலே பருவக்காற்று மாறி மாறித் தள்ளுகிறது. தீவுகளின் இடுக்கு வழியாகப் பெருங்கடல் உள்ளே வருகிறது, போகிறது. இத்தனை இழுபறிக்கு நடுவில் தண்ணீர் நேராகவா ஓடும்? சுற்றுகிறது. தேனி மாவட்டமே உள்ளே அடங்கிப்போகும் அகலத்துக்குச் சுழிகள். வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில் சுற்றிவிட்டு உடைந்து கரைந்துவிடும். எந்தச் சுழி எங்கே பிறக்கும், எந்தப் பக்கம் நகரும், எப்போது உடையும் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் சோலி. கடலைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துத் தண்ணீரும் பக்கத்துக் கட்டத்தை எப்படித் தள்ளும் என்று கணக்கெழுதி, கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க்கடலை ஓட்டுவாள். அதை மாடல் என்பார்கள்.

ஆய்வு முடியவில்லை. உதவித்தொகை நின்றது, வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார், ஆனையே நுழைந்த பிறகு வால் மாட்டிக்கொண்ட கதையாகக் கடைசி அத்தியாயத்தில் எல்லாம் நின்றது. ஊருக்குத் திரும்பி ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஆனாலும் பொய்க்கடலை விடவில்லை. கொச்சியில் இருந்த பழைய தோழி ஒருத்தி அங்குள்ள பெரிய கம்ப்யூட்டரை இவள் இங்கிருந்தே இயக்க வழி விட்டிருந்தாள். மற்ற பெண்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் இவள் சுழி பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அழகுராஜாவும் பார்த்தான். நீலமும் மஞ்சளுமாகச் சுற்றுவதைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அக்கா, நெசமாவே கடலு இப்பிடியா சுத்துது?" என்று கேட்டான். கேட்டவன் சும்மா இருந்தானா? தூத்துக்குடிக்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்து, அந்தமான் தீவுகளுக்கிடையே சிமெண்டும் ஜல்லியும் ஏற்றிப்போகும் சரக்குக் கப்பலில் ஆளாகச் சேர்ந்துவிட்டான். நடுவில் ஊருக்கு வந்து, சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சுகன்யாவைக் கட்டிக்கொண்டான். அவன் அக்காளைப் பார்த்துத்தான் கடலுக்குப் போனான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு அந்தச் செய்தி வந்தது. கப்பல் கம்பெனிக்காரன் போனில் சொன்னான்: கார் நிக்கோபாருக்குக் கிழக்கே போய்க்கொண்டிருந்தபோது, காலையில் பார்த்தால் ஆளைக் காணவில்லை. கப்பலைத் திருப்பித் தேடினார்கள். கடலோரக் காவல்படையும் தேடிக்கொண்டிருக்கிறது. மிதவைச் சட்டை போட்டிருந்தானா என்று கேட்டதற்கு ஒருவருக்கும் தெரியவில்லை.

ராக்கு அழவில்லை. குழப்பத்தோடு மகளைப் பார்த்தாள். "ஜீப்புல ஒரு தல கொறஞ்சா வண்டி நகராதே. கப்பலு எப்பிடித்தா நகந்துச்சு?"

"திரும்பி வந்து தேடுனாங்கம்மா."

"தேடிட்டுக் கெளம்பிட்டாய்ங்கல்ல?"

பொற்கொடி கம்ப்யூட்டரைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் உள்ளே கொடுத்து, அவன் விழுந்திருக்கக்கூடிய இடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தூவி ஓடவிட்டாள். சரியாக அந்த இடத்தில் ஒரு பெரிய சுழி நின்றது. காவல்படைக்குப் போன் போட்டு, கெஞ்சிக் கூத்தாடி, சுழியின் கிழக்கு ஓரத்தில் தேடச் சொன்னாள். அவர்களும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாளில் தேடுவதை நிறுத்தினார்கள்.

அந்த நாட்களில்தான் அவள் அந்தத் தவறைச் செய்தாள். திரையில் புள்ளிகள் ஈ மொய்த்ததுபோல் பரவிக்கிடந்ததைப் பார்த்து ராக்கு, "இம்புட்டுல எதுத்தா நம்ம புள்ள?" என்று கேட்டாள்.

எதுவும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இது ஆள் இல்லை, தண்ணீர் போகிற போக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். தாய் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை வருமா? கரையில் போய் முட்டிய புள்ளிகளைக் காட்ட அவளுக்குக் கை வரவில்லை. கரைக்கு வருவது உடம்பாகத்தான் வரும். சுழியின் நடுவில், எங்கும் போகாமல் பத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு புள்ளியைத் தொட்டு, "இது மாதிரி இருக்கலாம்மா" என்றாள். அம்மாவுக்குக் கண்ணில் பட வேண்டுமே என்று அதற்குச் சிவப்பு நிறமும் கொடுத்தாள். "சுழிக்குள்ள மாட்டுனா தூரமாப் போகாதும்மா. அங்கயேதான் சுத்தும்."

"சுத்துறான்ல? கெடக்கட்டும். தேடுறவன் என்னைக்காச்சும் தேடி வருவான்" என்றாள் ராக்கு.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் கம்ப்யூட்டர் முன் வந்து உட்காருவாள். "இன்னைக்கு எங்கிட்டு இருக்கான்?" பொற்கொடி காட்டுவாள். முதலில் சிவப்புப் புள்ளி வடக்கே இருந்தது, பிறகு மேற்கே வந்தது, பிறகு தெற்கே. ராக்கு அதற்குச் சாமி கும்பிட்டாள். மழை என்றால் "நனைவானே" என்றாள். வெயில் என்றால் "தலைக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். மனுஷன் உப்புத்தண்ணீரில் எத்தனை நாள் தாங்குவான் என்று பொற்கொடிக்குத் தெரியாதா? தெரியும். மாடலுக்குத்தான் தெரியாது. அதில் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது, காற்றுக்குக் கணக்கு இருக்கிறது, சாவுக்குக் கணக்கு இல்லை. அதில் விட்ட புள்ளி தாகம் எடுக்காமல், மூழ்காமல், காலம் முழுக்கச் சுற்றும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியும் பார்த்தாள். "அம்மா, அது அவன் இல்லம்மா. தண்ணி."

"தண்ணிக்குள்ளதான அவன் இருக்கான்?" என்றாள் ராக்கு. வழக்குமன்றத்தில் வாதாடுகிறவனும் இப்படி வாயடைக்க முடியாது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. பெரியகருப்பன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், வாய்தான் கெட்டது. "இப்பிடியே விட்டா எப்பிடி? வைக்கல்ல ஆள் மாதிரி கட்டி எரிச்சுக் காரியத்த முடிக்கணும். இல்லாட்டி அவன் ஆத்மா அலையும். ஆனா அதுக்கு ஒரு நாளு வேணும். திதி இல்லாமக் காரியம் இல்ல. கம்பெனிக்காரன் காணோம்ங்கிறான். சர்க்காரக் கேட்டா ஏழு வருசம் பொறுங்கிறான். நீதான் கடல் படிச்சவ. சொல்லுத்தா, எந்த நாளு?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை வருஷம் அவள் படிப்பைக் கேட்டுச் சிரித்த ஊர் முதல்முறையாக அவள் படிப்பிடம் ஒன்று கேட்டது. தம்பி செத்த தேதியைக் கேட்டது. பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் ராக்கு துண்டை உதறிக்கொண்டு எழுந்தாள். "உசுரோட சுத்துறவனுக்கு என்னய்யா திதி? எந்திரிச்சுப் போங்க."

போனார்கள். பெரியகருப்பன் மட்டும் வாசலில் நின்று, "அந்தப் பிள்ளைய நெனச்சுப் பாரு" என்று சுகன்யா இருந்த பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுப் போனார்.

சுகன்யாவின் பாடு சொல்லி மாளாது. இருபத்துமூன்று வயசு. கழுத்தில் தாலி கிடக்கிறது, கட்டியவன் திரையில் கிடக்கிறான். விசேஷ வீட்டில் குங்குமச் சிமிழை நீட்டி வருகிற பெண், இவளிடம் வந்ததும் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பாள். கை நடுவிலேயே நிற்கும். இவளே எழுந்து வெளியே போய்விடுவாள். பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் மாமியார் கண்ணில் நீர். அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், "அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?" என்று ராக்கு மறித்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் காற்று மாறத் தொடங்கியது. சுழி பலவீனப்பட்டது. சிவப்புப் புள்ளி அதிலிருந்து நழுவித் தெற்கே மலாக்கா நீரிணை வாசலை நோக்கி இறங்கியது. பொற்கொடி வெட்டிய கட்டங்கள் அங்கேதான் முடிகின்றன. பொய்க்கடலுக்கு ஓரம் உண்டு. ஓரத்தைத் தாண்டிய புள்ளி மாடலுக்கு இல்லை. இதை அம்மாவுக்குச் சொன்னாள். ராக்கு பதறிப்போனாள். "இன்னுங் கொஞ்சம் பெருசாக்க முடியாதா?"

முடியும். இன்னும் சில கட்டங்களைச் சேர்த்து, அங்கே கடலின் ஆழம் எவ்வளவு என்று கொடுத்தால் போதும். பொற்கொடி செய்தாள். ராக்கு சிரித்தாள், அழகுராஜா போன பிறகு முதல் சிரிப்பு. "இம்புட்டுதானா? இதுக்குப் போயி பயமுறுத்திட்டியே." அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் தான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று பொற்கொடிக்கு உறைத்தது. கட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம். கடலுக்கு முடிவேது? அம்மா கிழவியாகிச் சாகிற வரைக்கும் தம்பியைச் சுற்றவிடலாம். சுகன்யாவும் கூடவே சுற்ற வேண்டியதுதான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பகல். ராக்கு மலையில். பொற்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுகன்யா பக்கத்தில் வந்து குந்தினாள். வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மதினி, அவரு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

பொற்கொடி துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"எனக்கும் தெரியும். போன் வந்த அன்னைக்கே தெரியும். அத்த சாயங்காலம் வந்து எங்க இருக்கான்னு கேக்குறப்ப நான் அடுப்படியில காதப் பொத்திக்கிறேன். எனக்கு ஒரு மொற அழணும் மதினி. புருசன் செத்தா எல்லாரும் அழுவாகள்ல, அந்த மாதிரி. நீங்க விட மாட்டேங்கிறீக." அவள் உதடு கோணியது. "வையா மதினி. எனக்கு வையா." முடியவில்லை என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளச் சொல் அது. தாங்க முடியாதபோது அவளுக்கு அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புள்ளி மறுபடி ஓரத்துக்கு வந்தது. ராக்கு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். "ஓரத்துக்கு வந்துட்டான் பாரு. வெரசாப் பெருசாக்கு."

"பெருசாக்கலம்மா."

"என்னத்தா?"

"அவன் இல்லம்மா. மொத வாரத்துலயே அவன் இல்ல." சொல்லிவிட்டாள். குரல் கல்லூரியில் பாடம் சொல்லும் குரலாக இருந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காம எப்பிடி இல்லங்கிற?"

"பாக்காமத்தானம்மா இத்தன நாளா இருக்கான்னு சொன்னேன்!"

பொற்கொடி பொத்தானை அழுத்தினாள். சிவப்புப் புள்ளி ஒரு கட்டம் இறங்கியது. இன்னொரு கட்டம். கடைசிக் கட்டத்தில் கொஞ்சம் மேற்கே ஒதுங்கியது, திரும்பிவிடுமோ என்று பொற்கொடியே முன்னால் குனிந்து பார்த்தாள். அடுத்த நொடி திரையில் சிவப்பு இல்லை. மற்றப் புள்ளிகள் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தன. அடுப்படி வாசலில் நின்ற சுகன்யா சுவரோடு சரிந்து, மார்பில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தெரு கூடிவிட்டது. ராக்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியகருப்பன் அந்த நாளையே திதியாக வைத்தார். அது பொய்த் தேதி என்று பொற்கொடிக்குத் தெரியும். உண்மைத் தேதி யாருக்குத் தெரியும்? வைக்கோல் உருவத்துக்கு அழகுராஜாவின் சட்டையைப் போட்டுக் கொட்டக்குடி ஆற்றங்கரையில் எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் விட்டார்கள். இந்த ஆறு வைகையில் போய் விழுகிறது, வைகை முக்கால்வாசி வருஷம் கடலைப் பார்ப்பதே இல்லை, வழியில் கண்மாயிலேயே அடங்கிவிடுகிறது. பொற்கொடி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னவரைக்கும் போதும். சுகன்யாவின் தாலியை இறக்கினார்கள். அவள் அண்ணன் வந்து அவளைச் சூரியநெல்லிக்குக் கூட்டிப்போனான். ராக்கு எதற்கும் வரவில்லை. காரியத்தன்றும் ஜீப்பேறி வேலைக்குப் போயிருந்தாள். அதன்பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, மகள் வைத்த சோற்றைத் தொடவும் இல்லை. தானே பொங்கித் தானே தின்றாள்.

கல்லூரி விடுமுறையில் மொக்கையன் வீட்டுக்கு வந்தான். "பொற்கொடி, ராக்கக்கா ஒரு தினுசா இருக்கு. வேலை பாக்குறப்பக் கெறக்கம் வந்து உக்காந்துருது. நீ ஒரு நா கூட வந்து பாரேன்." போனாள். சின்ன வயசுக்குப் பிறகு முதல்முறையாக அந்த ஜீப்பில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து மலையேறினாள். நாள் முழுக்கப் பக்கத்துச் செடியில் களை எடுத்தாள். ராக்கு தலை நிமிரவில்லை. கொண்டுபோன தண்ணீரை நீட்டினாள், வாங்கவில்லை.

சாயங்காலம் மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஏலச்செடி தெரியவில்லை. பெண்கள் கூடையும் தூக்குச்சட்டியுமாக ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். மொக்கையன் சாவியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தான்.

"தல சரியா?"

"சரி" என்றார்கள்.

"ஒண்ணு கொறையுது" என்றாள் ராக்கு.

மொக்கையன் பழக்கத்தில் சாவியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டான். உள்ளே எட்டிப் பார்த்து எண்ணினான். "யாருக்கா? எல்லாரும் இருக்காகளே."

"எம் மகன்." ராக்கு மகள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். "இவகிட்டத்தான் குடுத்து வச்சேன். ஆள விட்டுட்டு வண்டிய எடுத்துட்டா."

ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொக்கையன் மஞ்சுக்குள் ஒருமுறை பார்த்தான், ராக்குவைப் பார்த்தான், வண்டியில் ஏறவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் நின்றான். வண்டியில் இருந்த ஒருத்தியும் எடு என்று சொல்லவில்லை. அந்தச் சட்டத்தை மீறும் வாய் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. பொற்கொடி காத்திருந்து பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது.

"வண்டிய எடுங்க மாமா" என்றாள்.